ஒகேனக்கல் புறப்படும் முன் பார்க்க வேண்டிய ஒரு எண்

கும்பகோணத்திலிருந்து குடும்பத்தோடு ஒகேனக்கல் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுபத்தைந்து தாண்டிய அப்பா அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர், கையில் இரண்டு நாள். ஆடிப்பெருக்கை ஒட்டி வந்தால் காவிரி நிறைந்து ஓடும், அருவியும் பார்க்க அழகாக இருக்கும் என்பது உங்கள் எண்ணம். கூடவே தருமபுரியில் பார்க்கப் பழைய இடம் உண்டா, ஆற்று மீன் எங்கே நன்றாக இருக்கும், சைவம் மட்டும் சாப்பிடும் அப்பாவுக்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்கிறீர்கள். கேள்வி நாலைந்தாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் கவலை ஒன்றுதான்: பெரியவர்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்து, தண்ணீரில் கால்கூட நனைக்காமல் திரும்பும்படி ஆகிவிடக் கூடாது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் தருமபுரியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனதிலும் வெளியூர்ச் சொந்தபந்தங்களுக்கு வழிகாட்டியதிலும் ஒகேனக்கல் பாதை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. கோயில், கல்வெட்டு, நடுகல் பற்றி நான் சொல்வது படித்த படிப்பிலிருந்து வருகிறது. ஆறு, பரிசல், சாப்பாடு பற்றிச் சொல்வது பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாள் குறிப்பதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது, பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்ற எண்ணைத்தான். கர்நாடகத்திலிருந்து இறங்கி வரும் காவிரியை மத்திய நீர் ஆணையம் அளக்கும் இடம் அது. ஒகேனக்கல்லுக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டுப் பகுதியில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று சொன்னதும் இந்த இடத்தில் அளக்கும் கணக்குதான். குறுவைக்குத் தண்ணீர் உண்டா என்று தெரிந்துகொள்ள நீங்கள் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பீர்கள். பரிசல் ஓடுமா என்று தெரிந்துகொள்ள நாங்கள் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பார்ப்போம். மழைக்காலத்தில் தினமும் செய்தித்தாளிலும் டிவியிலும் இது வந்துவிடும்.

ஆடி மாதத்தில் இந்த எண்ணை நம்பி முன்கூட்டியே ஒரு நாளைக் குறிக்க யாராலும் முடியாது. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் காலம் அது. குடகு மழை கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் போகும், வயநாட்டு மழை கபினி அணைக்குப் போகும். கபினி சின்ன அணை, 19.5 டி.எம்.சி.தான் பிடிக்கும். ஏற்கெனவே தண்ணீர் இருக்கும் நிலையில் வயநாட்டில் நாலு நாள் விடாமல் அடித்தால் நிரம்பிவிடும். அங்கே மதகைத் திறந்தால் ஓரிரு நாளில் இங்கே ஆற்றின் நிறம் மாறத் தொடங்கும். 2018-லும் 2024-லும் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிப் போனது. ஒகேனக்கல்லில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, ஆனால் ஆற்றில் இறங்கக் கூடாது என்று போலீஸார் தடுத்து நிறுத்தியிருப்பார்கள். உள்ளூர் வானத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஏமாந்து போவது இப்படித்தான்.

எத்தனை கன அடி வரை பரவாயில்லை என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில், சில ஆயிரம் கன அடி என்றால் குளிக்கலாம், பரிசலும் ஓடும். பத்தாயிரத்தை நெருங்கினாலே கட்டுப்பாடு வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் குளியலும் பரிசலும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது நான் மனதில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, சட்டம் அல்ல. தடை போடுவதும் நீக்குவதும் மாவட்ட நிர்வாகம். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, மேலே எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து அன்றன்றைக்கு முடிவெடுப்பார்கள். தடை என்றால் தடைதான். யாராவது வேறு வழியாக ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னால் பிள்ளைகளோடு போகாதீர்கள்.

வெள்ளம் வந்தால் அருவி பெரிதாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒகேனக்கல்லில் நடப்பது அதற்கு நேர்மாறு. குற்றாலம் மாதிரி ஒரு மலை உச்சியிலிருந்து இங்கே தண்ணீர் விழுவதில்லை. ஆறு அகலமான பாறைப் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து, நடுவில் உள்ள ஆழமான பிளவுக்குள் பக்கவாட்டில் விழுகிறது. தண்ணீர் கூடக் கூடப் பிளவு நிரம்பும், விழும் உயரம் குறையும், கடைசியில் இங்குள்ள ஐந்தருவி இருந்த இடமே தெரியாமல் மூழ்கிவிடும். செம்மண் நிறத்தில் கரைமுட்ட ஓடும் வெள்ளம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதுவும் ஒரு காட்சிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அருவி பார்க்கவும் குளிக்கவும் வருகிறவர்களுக்கு அது பயன்படாது. அந்தப் பாறைகளையும் கொஞ்சம் பாருங்கள். ஒகேனக்கல் பக்கத்தில் கிடைக்கும் கார்பனடைட் என்ற அரிய பாறை வகைக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டு வயது என்று கணித்திருக்கிறார்கள். தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான் இந்த ஊரின் பாறைப் படுகையை முழுதாகப் பார்க்க முடியும்.

ஆகவே என் யோசனை: ஆடிப்பெருக்கை விட்டுவிட்டு மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, அருவியும் பாறையும் சேர்ந்து தெரியும் காலம். வெயிலும் பெரியவர்களுக்குத் தாங்கும். பொங்கலை ஒட்டிய விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் நெரியும். சித்திரை, வைகாசியில் பரிசலுக்கு நல்ல வசதி உண்டு, ஆனால் பாறைச் சூட்டில் உங்கள் அப்பாவால் நடக்க முடியாது. ஆடி 18-க்கே வந்தாக வேண்டும் என்றால் அது வேறு வகை அனுபவம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தங்கள் சாமியை எடுத்து வந்து ஆற்றில் நீராட்டுவார்கள், புதுமணத் தம்பதிகள் வருவார்கள், அரசும் விழா எடுக்கும். ஊர் கொள்ளாத ஜனம். உங்கள் ஊர்ப் படித்துறையில் சித்திரான்னம் வைத்துக் காவிரியைக் கும்பிட்டுவிட்டு, அருவிக்குத் தனியாக ஒரு தடவை வருவது நல்லது என்பேன்.

வழியைப் பொறுத்தவரை உங்களுக்குச் சேலம் வழிதான். தொப்பூர் கணவாய் இறக்கத்திலும் வளைவிலும் கனரக லாரிகள் அடிக்கடி விபத்துக்குள்ளாகும் இடம், அங்கே அவசரப்படாமல் வரச் சொல்லுங்கள். கணவாயைத் தாண்டி, தருமபுரிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போதே அதியமான்கோட்டை வந்துவிடும். முதல் நாளை அங்கிருந்தே தொடங்கலாம். சங்க காலத்தில் தகடூர் என்று இருந்த இந்தத் தருமபுரிதான் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். அவன் சங்கப் பாடல்களில் மட்டும் வரும் ஆள் அல்ல. 1981-ல் திருக்கோயிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 'அதியன் நெடுமான் அஞ்சி' என்று பெயர் சொல்லி, அவன் கொடுத்த குகைப்பள்ளியைக் குறிக்கிறது. அஞ்சியை அது 'சதியபுதோ' என்று அழைப்பதால், அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய விவாதத்துக்கும் விடை கிடைத்தது. இவ்வளவும் உறுதி. ஆனால் இன்று அதியமான்கோட்டையில் நீங்கள் கண்ணால் பார்க்கும் எந்தக் கட்டடமும் அவன் காலத்தது அல்ல. அதியமானுக்கும் அவ்வைக்கும் சிலை வைத்த அதியமான் கோட்டம் நம் காலத்தில் அரசு எழுப்பியது. காலபைரவர் கோயிலை அதியமான் கட்டினான் என்பது ஊரார் நம்பிக்கை, அதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. தேய்பிறை அஷ்டமியன்று அங்கே கூட்டம் மிக அதிகம், பூசணிக்காயில் விளக்கேற்றுவார்கள். அந்த நாளில் போவதா வேண்டாமா என்பதை உங்கள் பெற்றோர் முடிவு செய்யட்டும். அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயிலை விட்டுவிடாதீர்கள். மண்டபத்து மேற்கூரையில் இதிகாசக் காட்சிகளை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். அதியமானுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், பிள்ளைகளைத் தரையில் படுத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

தருமபுரி ஊருக்குள் கோட்டைக் கோயில் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். மல்லிகார்ஜுனர் கோயிலும் காமாட்சியம்மன் சன்னிதியும் அங்கே இருக்கின்றன. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர்களின் கலையைத் தமிழ்நாட்டில் பார்க்கக் கிடைக்கும் வெகு சில இடங்களில் இது ஒன்று. சோழர் கோயில்களைப் பார்த்தே வளர்ந்த உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரியும். தரையில் முழுவதும் படியாமல் நிற்கும் தூணைக் காட்டி, அடியில் துணியை நுழைத்து இழுத்துக் காட்டுவார்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நான் உங்களை நிற்கச் சொல்வது அம்மன் சன்னிதியின் அடித்தளத்துக்குப் பக்கத்தில். ராமாயணக் காட்சிகளைச் சாண் உயரச் சிற்பங்களாகச் சுற்றிலும் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்க்காவிட்டால் தெரியாமலே கடந்துவிடுவோம். நேரம் இருந்தால் தொல்லியல் அருங்காட்சியகமான அகழ்வைப்பகத்தில் நடுகற்களையும் பாருங்கள். மாடுகளைக் கவர்ந்து போக வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த சாதாரண ஆட்களுக்கு வைத்த கல். கையில் வில்லோ வாளோ இருக்கும், மேலே வட்டெழுத்தில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார் மகன் என்று எழுதியிருக்கும். தஞ்சைப் பக்கம் கல்வெட்டு என்றால் அரசனும் நில தானமும்தான். இங்கே மாடு காத்தவன் பெயர் கல்லில் நிற்கிறது.

இரவு தருமபுரியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை சீக்கிரம் ஆற்றுக்குக் கிளம்புங்கள். ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை சாதாரணச் சாலை, அதற்கப்புறம் காடும் மலை இறக்கமும். பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றிப் போனால் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்க்கலாம். தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து பிரசாரம் செய்தவர், 1925 ஜூலை 23 அன்று அங்கேதான் கண் மூடினார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட இடத்தில் இப்போது நினைவாலயம் இருக்கிறது.

பரிசல் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களுக்குச் சிரமம் அங்கேதான். மூங்கில் சிம்புகளைப் பின்னி, அடியில் தண்ணீர் புகாத உறை போட்ட வட்டமான படகு. அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். உள்ளே பலகை இருக்கை என்று பெரிதாக எதுவும் இருக்காது, தாழ்வாகக் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பது கஷ்டம். பரிசல் ஓட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விளிம்பைப் பாறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடுவில் கால் வைக்கச் சொல்லி ஏற்றுவார். விளிம்பில் கால் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோ எடுப்பதற்காகக் கழற்ற விடாதீர்கள். கட்டணமும் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் துறையில் பலகையில் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள், வழியில் வந்து மறிப்பவர்களிடம் பேரம் பேச வேண்டாம். சில துறைகளில் பாறைப்படி ஏறி இறங்கிப் போக வேண்டியிருக்கும். அப்பா அம்மாவால் முடியாது என்று தோன்றினால் அவர்களைத் தொங்கு பாலத்துப் பக்கம் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு போய்வரலாம், பிரதான அருவி அங்கிருந்தே தெரியும். எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் வந்து கேட்பார்கள். நன்றாகத்தான் தேய்ப்பார்கள். ஆனால் முதுகெலும்புத் தேய்மானமோ இதய நோயோ உள்ளவர்கள் அந்த அழுத்தத்தைத் தாங்குவார்களா என்பது மருத்துவரைக் கேட்க வேண்டிய விஷயம், நான் சொல்லக் கூடாது.

இப்போது மீன். ஒகேனக்கல்லில் மீன் சாப்பிட ஒரே சரியான வழி, பச்சை மீனாக நீங்களே வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுப்பது. மீன் கடைகளில் கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி, கெளுத்தி, வாளை என்று விரித்திருப்பார்கள். எல்லாவற்றையும் காவிரி மீன் என்றே சொல்வார்கள். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள், அணைகளில் குஞ்சு விட்டு வளர்ந்தவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கெளுத்தியும் வாளையும்தான் இந்த ஆற்றுக்குச் சொந்தம். ருசியில் எனக்குக் கெளுத்திக் குழம்புக்கு நிகர் எதுவும் இல்லை, ஆனால் முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்குப் பெரிய கட்லாவின் நடுத்துண்டு வாங்குங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலே வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது கும்பகோணத்திலும் தெரிந்த பாடம்தான். திமில் உள்ள காவிரி மஹசீர் என்று ஒரு மீன் உண்டு. உலகில் காவிரியைத் தவிர வேறெங்கும் இல்லை, 2018-ல் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டார்கள். யாராவது அது இருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

சமையல் கூலியையும், மசாலா, எண்ணெய் யாருடையது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். செதிலைச் சுரண்டி, கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, வழவழப்பு போகும் வரை கழுவுவார்கள். துண்டின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறல் போட்டு, மிளகாய்த்தூளைப் புளித்தண்ணீரில் குழைத்து அந்தக் கீறலுக்குள் ஏறும்படி அப்பி வைப்பார்கள். விறகடுப்பில் தோசைக்கல், கொஞ்சம் எண்ணெய். விளிம்பு தானாகக் கல்லை விட்டு எழும்பும் வரை திருப்ப மாட்டார்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் மசாலா கல்லோடு போய்விடும், மீன் வெளுத்துப்போகும். தலையும் வாலும் குழம்புக்குப் போகும். புளி இந்த மாவட்டத்துப் புளி, எங்கள் பக்கம் சாலையோரமெல்லாம் அந்த மரம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே குளிக்கப் போகும்போதே மீனைக் கொடுத்துவிட்டுப் போங்கள். வழியோரத் தள்ளுவண்டிகளில் சிவப்புச் சாயம் பூசிப் பொரித்து அடுக்கி வைத்திருப்பதைப் பசியில் வாங்கிவிடாதீர்கள். எப்போது பொரித்தது, எத்தனாவது தடவை காய்ந்த எண்ணெய் என்று தெரியாது.

அப்பாவுக்குச் சாப்பாடு ஆற்றங்கரையைவிடத் தருமபுரியிலும் பென்னாகரத்திலும் நன்றாகக் கிடைக்கும். ராகிக் களியும் கீரைக் கடைசலும் கேளுங்கள், கொள்ளுக் கடைசலும் சில மெஸ்களில் உண்டு. அரிசிச் சோறு மட்டும் பழகியவர் களியை மென்று தின்னப் பார்ப்பார். மெல்லக் கூடாது, கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மார்கழி, தையில் வந்தால் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு கிடைக்கும். களிக்கு அதைப்போல ஒரு கூட்டு கிடையாது, நான் உங்களை அந்த மாதங்களில் வரச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கீரையும் களியும் கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் கறியும் ஒரே அடுப்பில்தான் வேகும். அப்பா அதைப் பார்ப்பவராக இருந்தால் தனிச் சைவ ஓட்டலாகக் கேட்டுப் போங்கள். வீட்டுக்கு வாங்கிப் போகப் பாலக்கோடு பக்கத்து உருண்டை வெல்லம் நல்லது, வெளுப்பாக இருப்பதை விட்டுப் பழுப்பாக இருப்பதை எடுங்கள். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று அவ்வை பாடிய ஊர் இது. அரிசி மாவும் வேர்க்கடலையும் போட்டுச் சுடும் நிப்பட்டுக்குக் கிருஷ்ணகிரி சாலையில் உள்ள காவேரிப்பட்டணம் பெயர் போனது. உங்களுக்கு அது எதிர்த்திசை, தருமபுரிக் கடைகளிலேயே கிடைக்கும். அந்தப் பக்கம் போனாலும் அங்கே ஓடுவது தென்பெண்ணை. அதே ஆற்றின் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள், பெங்களூருக் கழிவு கலந்து வரும் தண்ணீர். பிள்ளைகளை அதில் இறக்க வேண்டாம்.

கடைசியாகத் திரும்பும் நேரம். மாலை நாலு, நாலரைக்குள் ஒகேனக்கல்லை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். பென்னாகரம் போகும் காட்டுச் சாலையை யானைகள் கடக்கும், கோடையில் தண்ணீருக்காக இன்னும் அதிகம். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கை அணைத்து அணைத்துப் போடாமல், தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்று டிரைவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள், பையோடு பிடுங்கும். வரும் தேதி முடிவானதும், அதற்கு மூன்று நாள் முன்பிருந்து பிலிகுண்டுலு நீர்வரத்தையும் கபினித் திறப்பையும் பார்த்துக்கொண்டே இருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பயணத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அறை முன்பதிவுப் பணம் போனால் போகட்டும்.